நோன்பு மாதத்துக் கடைசல்

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு ரஹமத் பீவி அக்காவுடையது. முன்னறையில் மூன்று நீள மேசைகள், பின்னால் தகரக் கூரை போட்ட சமையல்கட்டு. வாசலில் போர்டு எதுவும் கிடையாது. சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் 'பாய் வீட்டு மெஸ்' என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். பாய் என்றால் அக்காவின் வீட்டுக்காரர் லால் பாஷா. அவர் அந்த மெஸ்ஸில் ஒரு நாளும் கரண்டி பிடித்தவர் இல்லை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. "பேரு எனக்கு, புகை அவளுக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

என் ஊர் கல்லாவி. ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் யாரோடும் பேச வராது. வீட்டுக்காரர் லேத் பட்டறைக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். ஒரு நாள் அக்கா கதவைத் தட்டி, ஒரு முறம் சின்ன வெங்காயத்தை என் மடியில் வைத்து, "சும்மாதானே இருக்குற, உரிச்சுக் குடு" என்றார். அப்படித்தான் அந்தச் சமையல்கட்டுக்குள் போனேன். கூலி பேசியது அப்புறம்தான்.

அக்கா குள்ளம். நடக்கும்போது இடது பக்கம் லேசாகச் சாய்வார். கோலாரிலிருந்து வந்த பையன்களோடு கன்னடம் பேசுவார், கீரைக்கார அம்மாவோடு தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் யாராக இருந்தாலும் தமிழ்தான். நான் வாய் திறக்காததால் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்கு நேரம் நிறைய இருந்தது.

மெஸ்ஸின் பெயரைக் காப்பாற்றியது தக்காளிக் கடைசல். மண்சட்டியில் நாட்டுத் தக்காளியைக் காம்பு கிள்ளி முழுசாகவே போடுவார். மேலே பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு சிட்டிகை தனியா. தண்ணீர் ஒரு சொட்டு விடமாட்டார். மூடி வைத்து விறகை இழுத்துவிட்டால், தக்காளி தன் தண்ணீரிலேயே வெந்து தோல் சுருண்டு கிடக்கும். சூடு ஆறியதும் சட்டியைப் பிரிமணை மேல் வைத்து, இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு மத்தால் கடைவார். கடைந்து முடித்த பிறகுதான் கல்லுப்பு. கடைசியில் கடலை எண்ணெயில் கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் பொரித்துக் கொட்டுவார்.

மகன் இலியாஸ் பெரிய மிக்சி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். அது இட்லி மாவுக்குக்கூட வெளியே வராது. "மிக்சிக்கு வித எது, சத எதுன்னு தெரியாது. வித அரபட்டா கசந்துபோவும். மத்துன்னா வித பாட்டுக்கு இருக்கும், சத மட்டும் கரையும்" என்பார். ஆப்பிள் தக்காளி என்று சொல்கிற கெட்டித் தோல் ஜாதியை அவர் தக்காளியாகவே மதிப்பதில்லை. பாய் ஒரு தடவை மறந்து அதைக் கொண்டுவந்தபோது, "இத லாரியில ஏத்தித்தான் அனுப்பணும், சட்டியில ஏத்தக் கூடாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

முதல் ரம்ஜான் வந்தபோதுதான் எனக்கு ஒரு புது வேலை வந்தது.

அக்கா ஒரு நோன்பையும் விடமாட்டார். மெஸ்ஸையும் மூடமாட்டார். வாசலில் ஒரு திரையைத் தொங்கவிட்டு மத்தியானச் சாப்பாடு போடுவார். எதிர்த் தெருக்காரர் ஒருவர் இது சரியா என்று கேட்டதற்கு, "ஷிப்ட் முடிச்சு வர்றவன் என்னோட சேந்தா நோன்பு புடிச்சிருக்கான்? பசிச்சவனுக்குப் போட்டா என் நோன்பு ஒண்ணும் கொறஞ்சிடாது" என்றார். ஆனால் உப்பு பார்க்க வேண்டுமே.

"நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடு. சமைக்கிறவங்களுக்கு அது கூடும், தப்பில்லேன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்காரு" என்றார் பாய்.

"அவரு நாக்கு சொன்ன பேச்சக் கேக்குற நாக்கு. எனக்கு என் நாக்கத் தெரியாதா? கடைசல வெச்சா துப்பாது, முழுங்கிடும்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "மாதேசு, ஒரு மாசத்துக்கு உன் நாக்க எனக்குக் குடு."

அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்பிலும் அதுதான் வழக்கம். கரண்டி நுனியால் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். நான் நக்கிப் பார்ப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உப்பு சரியென்றால் தலையாட்டுவேன். புளிப்பு கூடியிருந்தால் என் கண் தானாகச் சுருங்கும், நான் சொல்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். "வாயத் தொறந்து சொன்னா முத்து உதுந்துடுமா?" என்று கேலி செய்வார். ஐந்து நோன்பு மாதம் இப்படிப் போனது. ஒரு நாளும் ஒருவரும் உப்பைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

போன வருஷம் மெஸ்ஸுக்கு ஆள் குறைந்தது. இரண்டு கம்பெனிகள் சொந்தமாகக் கேண்டீன் திறந்தன. இன்னொரு கம்பெனி போச்சம்பள்ளிக்குப் போக, அங்கே வேலை செய்தவர்களும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். முப்பது பேர் உட்கார்ந்த மேசைகளில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் இலியாஸ் பெங்களூரிலிருந்து வந்தான். அவனுக்கு அங்கே வேலை, மூன்றாவது மாடியில் வீடு.

"ஏழு பேருக்கு எதுக்கும்மா வெறகும் புகையும்? அத்தாவுக்கும் வயசாச்சு. எங்கூட வந்துடுங்க" என்றான்.

அக்கா காலி மேசையைத் துடைத்தார். பிறகு, "இந்த நோன்பு முடியட்டும். அதுக்குள்ள ஆளு சேரலேன்னா பெருநாளு கழிச்சு வந்துடறேன்" என்றார்.

"சொன்ன சொல்லு மாறக் கூடாது."

"நான் என்னிக்கிடா மாறியிருக்குறேன்?"

அவன் போனபிறகு என்னிடம் சொன்னார்: "மருமவ தஸ்லிம் தங்கமான புள்ளதான். ஆனா எதத் தொட்டாலும் 'மாமி, நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க'ன்னுது. போன தடவ நாலு நாளு இருந்தேன். உக்காந்து உக்காந்தே முட்டி புடிச்சுக்கிச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குக் கடைந்த சட்டியைக் கழுவாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

நோன்பின் பத்தாம் நாள் போல ஒரு வழி திறந்தது. இரண்டு தெரு தள்ளி, கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. நாற்பத்தைந்து பேர். அங்கே சமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடு யாருக்கும் பிடிக்கவில்லை. ஹாஸ்டல் வாட்ச்மேன் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர், அவர் சொல்லி வார்டன் சுஜாதா வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத அம்மா. சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் பத்து பொண்ணுங்கள கூட்டிட்டு வர்றேன். அவங்க சாப்பிட்டுச் சொல்றதுதான் முடிவு. புடிச்சிருந்தா மொத்த ஹாஸ்டலுக்கும் மதியச் சாப்பாடு உங்ககிட்டதான்" என்றார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

அன்று சாயங்காலம் என்ன சமைப்பது என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாக்குவாதம்.

"வெள்ளச் சோறு போட்டா என்னா நெனப்பாங்க? நெய்ச்சோறு ஆக்கு, சப்பாத்தி போடு. பாய் வீட்டு மெஸ்ஸுன்னா சும்மாவா?" என்றார் லால் பாஷா.

"கடைசல் இல்லாம இந்த அடுப்புலேருந்து சோறு வெளிய போவாது."

"கடைசலும் வெய்யி. யாரு வேணாங்குறாங்க?"

அப்படியே முடிவானது. எங்கள் மெஸ்ஸில் கடைசலுக்கு எப்போதும் வெள்ளைச் சோறுதான், புதன்கிழமைகளில் ராகிக்களி. இரண்டிலும் உப்புப் போடமாட்டோம். நெய்ச்சோற்றிலும் சப்பாத்தி மாவிலும் உப்பு உண்டு. இதை நான் இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இலியாஸ் பைக்கில் வந்துவிட்டான். ஒத்தாசைக்கு வந்ததாகச் சொன்னான். வந்ததும் அடுக்குகளில் இருந்த பாத்திரங்களை ஒரு பார்வை பார்த்தான். எந்த வண்டியில் எத்தனை ஏறும் என்று கணக்குப் போடுகிற பார்வை அது. அக்காவும் அதைக் கவனித்தார். "பொறு, பொறு. இன்னும் அடுப்பே அணையல" என்றார்.

நெய்ச்சோற்றுக்கு உப்பு கைஅளவு, சப்பாத்தி மாவுக்கும் அப்படியே. அவற்றை ருசி பார்க்க என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசலை மட்டும் வழக்கம்போல உள்ளங்கையில் விட்டார். அன்று பாய் கொண்டுவந்த தக்காளி நல்ல பழம், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நின்றது. உப்பு எப்போதும் போலவே இருந்தது. தலையாட்டினேன். அக்கா கண்ணை மூடி ஏதோ ஓதிவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார்.

பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தட்டு வைத்ததும் சத்தம் அடங்கியது. நான் தண்ணீர் ஜக்கோடு சுவரோரம் நின்றேன். முதல் ஜக் தீர்ந்தது. ரொம்ப நேரம் ஆகவில்லை, இரண்டாவதும் தீர்ந்தது. மூன்றாவதை நிரப்பிக்கொண்டு வந்தபோதுதான் தட்டுகளைப் பார்த்தேன். கடைசல் தட்டுகளின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. சுஜாதா அம்மா சப்பாத்தியை வெறுமனே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். தேனிப் பக்கத்துப் பெண் சுவாதி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பார்ப்பதைக் கண்டதும், "சாப்பாடு நல்லா இருக்குக்கா" என்றாள் சுவாதி. அவள் டம்ளர் காலியாக இருந்தது.

சமையல்கட்டுக்கு ஓடி, ஒரு துண்டு சப்பாத்தியில் கடைசலைத் தோய்த்து வாயில் போட்டேன்.

"அக்கா, உப்பு."

"என்னா உப்பு? நீதானே தலையாட்டுன?"

"கடைசல்ல சரியாத்தான் இருக்குதுக்கா. களிக்கு சரி. வெள்ளச் சோத்துக்கு சரி. இது ரெண்டுலயும்தான் உப்பு இருக்குதே. சேத்துத் தின்னா வாயில வெக்க முடியல."

அக்கா கடைசல் சட்டியை எட்டிப் பார்த்தார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். நெய்ச்சோறு அவர் சொன்னதல்லவா. இலியாஸ்தான் பேசினான்.

"எவ்ளோ கூடியிருக்குதுன்னு ஒரு வெரல் வெச்சுப் பாரேம்மா. போனா ஒரு நோன்பு, அப்புறமா நோத்துக்கலாம். தெரிஞ்சாத்தானே எதாவது பண்ணலாம்?"

"எனக்குத் தெரிஞ்சு என்னாடா ஆவப்போவுது? தெரிய வேண்டியவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அக்கா. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

சாப்பிடுகிறவர்கள் முன்னால் அவர் போய் நின்று நான் பார்த்ததில்லை. சமையல்கட்டு வாசலோடு நின்றுவிடுவார். அன்று மேசைகளுக்கு நடுவில் போய் நின்றார்.

"தட்ட ஒதுக்கிடுங்கம்மா. உப்பு கூடிப்போச்சு. யாரும் மொகத்துக்காகத் திங்க வேணாம்."

பெண்கள் தட்டிலிருந்து கையை எடுத்தார்கள்.

"நோன்பு புடிச்சிருக்குறேன், வாயில வெச்சுப் பாக்கல. இந்தக் கடைசல் உப்பில்லாத சோத்துக்கு வெக்கிற கடைசல். பெருசா விருந்து வெக்கிறேன்னு நெய்ச்சோறு ஆக்கினேன், ரெண்டும் சேந்தா என்னா ஆவும்னு யோசிக்கல. தப்பு என்னுதுதான்."

என் பெயர் வரவே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய், 'தலையாட்டியது நான்தான்' என்று சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. அதற்குள் ஒரு பெண் குரல் கொடுத்தாள். போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஹரிணி.

"அக்கா, அப்போ களிக்கு இது சரியா இருக்குமில்ல? கேழ்வரகு மாவு இருக்குதா?"

"புதங்கெழமக்கு வெச்சது இருக்குது."

"கிண்டுங்கக்கா! நாங்க எங்க போறோம், இன்னிக்கு லீவுதானே?"

சுஜாதா அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்ளோ நேரமாவும்?"

"கால் மணி நேரம் குடுங்க" என்றார் அக்கா.

களி கிண்டுவது மட்டும் அந்த வீட்டில் என் வேலை. அக்காவுக்குக் கட்டி தட்டிவிடும். உலை கொதித்ததும் மாவைக் குவித்துப் போட்டு, நடுவில் துடுப்பை நட்டு வேகவிட்டேன். பிறகு இறக்கிவைத்துக் கிண்டும்போது பானை சுழன்றுகொண்டே போனது. இலியாஸ் இரண்டு பழந்துணியை மடித்துப் பிடித்து, குந்தி உட்கார்ந்து பானையை அணைத்துக்கொண்டான். நோன்பு வாயோடு ஆவி முகத்தில் அடிக்க, "கிண்டுக்கா, நான் புடிச்சுக்கறேன்" என்றான். அக்கா கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, கொதிக்கிற களியை உருண்டை பிடித்தார்.

புதுத் தட்டுகளில் உருண்டையும் கடைசலும் போயின. இந்தத் தடவை நான் ஜக்கைத் தூக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். ஹரிணி ஒரு துண்டு கிள்ளி, கடைசலில் புரட்டி, அப்படியே விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கை வைத்தார்கள். சுவாதி மட்டும் மென்றுகொண்டே இருந்தாள்.

"ஏய், மெல்லாத. பல்லுல ஒட்டிக்கும். முழுங்கு."

"முழுங்குனா தொண்டையில நின்னுக்கிராதா?"

"கடைசல்ல நல்லாப் பொரட்டுடி. அதுவே கூட்டிட்டுப் போவும்."

சுவாதி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினாள். எல்லாரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். "போயிருச்சு!" என்று அவள் கத்தியதும் மேசையே சிரித்தது. சுஜாதா அம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன். ஆனால் கை கழுவிவிட்டு அவர் சொன்னது, "பொண்ணுங்ககிட்ட தனியா கேட்டுட்டு சாயங்காலம் போன் பண்றேன்" என்பது மட்டும்தான். மூன்று பேருக்குப் பிடித்திருந்து ஏழு பேருக்குப் பிடிக்காமலும் இருக்கலாம்.

பாத்திரம் தேய்க்கும்போது சொன்னேன். "அக்கா, தப்பு என்னுது. நான்தான் தலையாட்டுனேன்."

"அட போடி. அஞ்சு வருசமா ஒரே உப்புதான் போடறேன், அஞ்சு வருசமா நீயும் சரியாத்தான் சொன்ன. சோத்த மாத்தினது நானு. உன்ன எதுக்கு அவங்க முன்னாடி இழுக்கணும்? ஏற்கெனவே ஒருத்தரப் பாத்தா ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. அதும் நின்னுபோயிடும்."

மத்தியானம் முழுவதும் போன் அடிக்கவில்லை. இலியாஸ் வாசலில் உட்கார்ந்திருந்தான். பாத்திரங்களைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. பாய் இரண்டு தடவை போனை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். அக்கா நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்தார். அதன் உப்புக்கும் என் உள்ளங்கையைத்தான் நீட்டச் சொன்னார். நான் இரண்டு தடவை நக்கிப் பார்த்தேன்.

பொழுது சாய்ந்து பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. மூன்று பேரும் பேரீச்சம்பழம் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். நானும் ஒரு ஓரமாகக் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா கஞ்சியைத் தொடவில்லை. எழுந்துபோய் மிச்சமிருந்த சப்பாத்தி ஒன்றையும் கடைசல் சட்டியையும் எடுத்து வந்தார். நன்றாகத் தோய்த்து வாயில் போட்டார்.

"யா அல்லா!"

சொம்புத் தண்ணீரை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். "இதையா அந்தப் புள்ளைங்க தின்னுச்சுங்க? 'நல்லா இருக்கு'ன்னு வேற சொல்லுச்சுங்களா?"

பாய்க்குச் சிரிப்பில் கஞ்சி புரையேறியது. "நீ தட்ட ஒதுக்கச் சொல்லலேன்னா முழுசாத் தின்னிருப்பாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நாமதான் பதில் சொல்லணும்" என்றார்.

"நெய்ச்சோறு போடுன்னவரு பேசக் கூடாது."

அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அந்த வார்டனம்மா போன் பண்ணாது. நானா இருந்தாலும் பண்ண மாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். இலியாஸ் தலை குனிந்து கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

கிண்ணங்களை எடுக்கும்போது போன் அடித்தது. பாய் அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"சுஜாதா பேசறேன். செவ்வாக்கெழமையில இருந்து ஆரம்பிச்சுடுங்க."

அக்கா போனையே பார்த்தார். பாய்தான், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார்.

"வாரத்துல ரெண்டு நாளு களியும் கடைசலும் வேணுமாம். நெய்ச்சோறு வேண்டாமாம்."

"அந்தத் தேனிப் பொண்ணு?" என்று அக்கா எட்டிக் கேட்டார்.

"களி வேணும்னு மொதல்ல சொன்னதே அவதான். முழுங்கப் பழகணுமாம். அப்புறம், இன்னொரு விஷயம். நோன்பு முடியற வரைக்கும் எங்க பொண்ணு ஒருத்தி வந்து ருசி பாக்கட்டுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். "வேணாங்கம்மா. ருசி பாக்க எனக்கு ஆளு இருக்குறா. இனிமே எல்லாத்தையும் சேத்து வெச்சுத்தான் பாப்பா" என்றார். நான் தலையாட்டினேன். போனில் அது யாருக்குத் தெரியும்? "சேத்துதான் பாப்பேங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

போன் வைத்தபின் இலியாஸ் கேட்டான். "அப்போ நீ வரல."

"வர்றேன்டா. பெருநாளைக்கு வர்றேன். தஸ்லிம் பாயசம் காச்சட்டும், உக்காரச் சொன்ன எடத்துல உக்காந்து குடிக்கிறேன். மறுநாளு காலையில பஸ் ஏத்தி விட்டுடு."

 அவன் களிப் பானையைத் தன் பக்கம் இழுத்து, ஒட்டியிருந்ததைச் சுரண்டி, கடைசலில் தோய்த்து விழுங்கினான். "இதுக்கு சரியாத்தான் இருக்குது" என்றான்.

அக்கா அதற்குள் எழுந்து அடுக்கில் இருந்த மண்சட்டிகளைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இரண்டுதான் கீறல் இல்லாமல் இருந்தன. "நாப்பத்தஞ்சு பேருக்கு இது எங்க பத்தும்? நாளைக்கே இன்னும் மூணு சட்டி வேணும். பெருசா, உள்ள சொரசொரப்பா. நீங்க மண்டிக்குப் போன் பண்ணி நாட்டுப் பழம் எடுத்து வெக்கச் சொல்லுங்க" என்றார் பாயிடம்.

"சட்டிக்கு எங்க போவ?"

"கிருஷ்ணகிரிக்குத்தான் போவணும். காலையில மொத பஸ்ஸப் புடிச்சா சமையலுக்குள்ள வந்துடலாம்."

"சட்டிய வெச்சுக்கிட்டு பஸ்ல எப்பிடி வருவ? ஒடஞ்சுபோவும்" என்றான் இலியாஸ். கையைக் கழுவிக்கொண்டு, மறுநாளைக்கு லீவு சொல்லப் போனை எடுத்தான்.